புகையிலை இலையிலிருந்து புரோட்டோபிளாஸ்ட் எடுத்து வளர்ப்பது எப்படி

புரோட்டோபிளாஸ்ட் எடுக்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, என்சைம் எத்தனை சதவீதம் போட வேண்டும் என்றுதான். அதற்கான பதில் கீழே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் இலையைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதே என்சைம், அதே பஃபர், அதே நேரம், அதே கை, எல்லாம் அப்படியே இருந்தும் இலை மட்டும் கொஞ்சம் முதிர்ந்துவிட்டால், மைக்ரோஸ்கோப்பின் அடியில் பச்சை உருண்டைகளுக்குப் பதிலாக உடைந்து சிதறிய பசுங்கணிகங்கள்தான் மிதக்கும். இது எனக்குப் புரியப் பல மாதங்கள் ஆனது. அத்தனை மாதமும் என்சைம் அளவைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாவர செல்லின் சுவரை மட்டும் கரைத்துவிட்டு, உள்ளே இருப்பதை உயிரோடு வெளியே எடுத்தால் அதுதான் புரோட்டோபிளாஸ்ட். சுவர் போய்விட்டால் மிச்சம் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டும். அதனால்தான் எந்த வடிவத்தில் இருந்த செல்லும் சுவர் போனதும் உருண்டையாகிவிடுகிறது, அதனால்தான் ஒரு துளி வெறும் தண்ணீர் பட்டாலும் ஊதி வெடித்துவிடுகிறது. இனி சொல்லப்போகிற எல்லா எச்சரிக்கைகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

1892லேயே செல்களை உப்புக் கரைசலில் சுருங்க வைத்து, சுவரைக் கத்தியால் வெட்டி, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்தது விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். 1960ல் எட்வர்ட் காக்கிங் ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த, செல் சுவரைக் கரைக்கும் செல்லுலேஸ் என்சைமை வைத்துத் தக்காளி வேர் நுனியிலிருந்து புரோட்டோபிளாஸ்ட் எடுத்துக் காட்டிய பிறகுதான் இது ஒரு முறையாக ஆனது. 1971ல் தாக்கேபே குழுவினர் புகையிலை இலையின் புரோட்டோபிளாஸ்டிலிருந்து முழுச் செடியையே வளர்த்தார்கள். கற்றுக்கொள்ள இன்றும் புகையிலைதான் சரியான செடி. பிழை பொறுக்கும், செல் நன்றாகப் பிரிந்து பெருகும், திரும்பவும் செடியாகும். நெல், கோதுமை மாதிரிப் புல்லினங்களின் இலையில் ஆரம்பிக்காதீர்கள். புரோட்டோபிளாஸ்ட் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் பிரியவே பிரியாது. அவற்றுக்குக் கரு உருவாக்கும் திறனுள்ள செல் சஸ்பென்ஷன், அதாவது திரவத்தில் மிதந்து வளரும் செல்கள், வேண்டும், அதைத் தயார் செய்வதே தனி வேலை.

இலை

கண்ணாடிப் பாட்டிலில், எம்.எஸ். என்ற செடி வளர்ப்புச் சத்து ஊடகத்தில், 3 முதல் 4 வாரம் வளர்ந்த நாற்று கிடைத்தால் அதுதான் சிறந்தது. ஏற்கெனவே கிருமி இல்லாமல் இருக்கும், இலையும் மெல்லியதாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் முழுதாக விரிந்த இலைகளில் இளையது எதுவோ, அதுவும் அதற்கு அடுத்ததும் எடுங்கள். இன்னும் விரிந்துகொண்டிருக்கும் குருத்து வேண்டாம், அடியில் மஞ்சள் தட்ட ஆரம்பித்த இலையும் வேண்டாம்.

எடுப்பதற்கு முன் செடியை 24 முதல் 48 மணி நேரம் இருட்டில் வையுங்கள். பலர் விட்டுவிடுகிற படி இது, ஆனால் காரணம் மிக எளிது. வெளிச்சத்தில் இருந்த இலையின் பசுங்கணிகங்களில் மாவுச்சத்து மணிகள் சேர்ந்திருக்கும், அவை கனமானவை, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றும்போது சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இருட்டில் வைத்தால் செடி அந்த மாவுச்சத்தைச் செலவழித்துவிடும்.

பாட்டில் செடி இல்லை, தொட்டிச் செடிதான் என்றால், 40 முதல் 60 நாள் ஆன, இன்னும் பூக்காத செடியாக இருக்கட்டும். பூ மொட்டு வந்துவிட்ட செடியை நான் தொடுவதில்லை. இலையை 70 சதவீத எத்தனாலில் சில நொடிகள் முக்கி, அப்புறம் 0.5 முதல் 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 10 நிமிடம் வைத்து, கிருமி நீக்கிய தண்ணீரில் 4 முறை அலச வேண்டும். குளோரின் மிச்சம் இருந்தால் என்சைமையும் கெடுக்கும், செல்லையும் கெடுக்கும், அதனால் அலசுவதில் அவசரம் வேண்டாம்.

கரைசல்கள்

என்சைம் கரைசல் 100 மில்லிலிட்டருக்கு நான் போடுவது இது: செல்லுலேஸ் ஒனொசூகா ஆர்-10 1 கிராம், மாசெரோசைம் ஆர்-10 0.25 கிராம், மேனிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் 9.1 கிராம், பி.எச். மாறாமல் வைக்க எம்.இ.எஸ். பஃபர் 0.1 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.147 கிராம், பி.எஸ்.ஏ. புரதம் 0.1 கிராம். பி.எச். 5.7. இதில் வரிசை முக்கியம். முதலில் மேனிட்டாலையும் பஃபரையும் கரைத்து பி.எச். சரிசெய்து, என்சைம்களைச் சேர்த்து, 55 டிகிரியில் 10 நிமிடம் வைக்க வேண்டும். என்சைம் பொடிகள் பூஞ்சையிலிருந்து வருபவை, கூடவே செல்லைத் தாக்குகிற புரோட்டியேஸ், டி.என்.ஏஸ் போன்றவையும் வரும், அந்தச் சூட்டில் அவை பெருமளவு அடங்கிவிடும், செல்லுலேஸும் நன்றாகக் கரையும். அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகுதான் கால்சியமும் பி.எஸ்.ஏ.வும். கரைசல் தெளிவான இளம் பழுப்பாக இருக்க வேண்டும், கலங்கலாக இருந்தால் இன்னும் கரையவில்லை என்று பொருள். கடைசியில் 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிகட்டுங்கள். நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்துவிடக் கூடாது, என்சைம் செத்துவிடும்.

மேனிட்டால் ஏன் இவ்வளவு? செல்லுக்குள் இருக்கும் கரைபொருள் அளவுக்கு வெளியேயும் இருந்தால்தான் தண்ணீர் உள்ளே பாயாது. இங்கே 0.5 மோலார் போட்டிருக்கிறோம், அதாவது செல் லேசாகச் சுருங்கியே இருக்கும் அளவு. சுருங்கினால் சவ்வு சுவரிலிருந்து விலகி நிற்கும், வெட்டும்போதும் சுவர் கரையும்போதும் அடி படாது. மேனிட்டாலை செல் எளிதில் உணவாக எடுத்துக்கொள்வதில்லை, அதனால் அழுத்தம் நிலையாக இருக்கும். கால்சியம் சவ்வை உறுதிப்படுத்தும், அதைக் குறைக்க நினைக்காதீர்கள்.

கழுவுவதற்கு டபிள்யூ5 கரைசல். ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 9 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 18.4 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.37 கிராம், எம்.இ.எஸ். 0.39 கிராம், பி.எச். 5.7. இதை ஆட்டோகிளேவ் செய்யலாம். இதோடு 0.6 மோலார் சுக்ரோஸ் கரைசலும் வேண்டும், லிட்டருக்கு 205 கிராம்.

வெட்டுவதும் ஊற வைப்பதும்

புது ரேசர் பிளேடு எடுங்கள். ஒரு பெட்ரி தட்டில் 0.5 மோலார் மேனிட்டால் ஊற்றி, அதில் இலையை வைத்து, 0.5 முதல் 1 மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளாக வெட்டுங்கள். அழுத்தி நசுக்காமல் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் இலை கரும்பச்சையாக ஈரம் ஊறித் தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, மாற்றுங்கள். வெட்டிய கீற்றுகள் அந்த மேனிட்டாலிலேயே ஒரு மணி நேரம் இருக்கட்டும். வெட்டும் வழிக்குப் பதிலாக இலையைக் கொஞ்சம் வாட விட்டு, கூர்மையான ஃபோர்செப்ஸால் அடித்தோலை உரித்தும் வேலை செய்யலாம். கை பழகினால் விளைச்சல் அதில் இன்னும் நன்றாக இருக்கும். இலைக்கு மேலே இருக்கும் மெழுகுப் படலத்தை இந்த என்சைம்கள் எதுவும் கரைக்காது, வெட்டோ உரிப்போ அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போக வழி செய்வதற்குத்தான்.

பிறகு மேனிட்டாலை உறிஞ்சி எடுத்துவிட்டு என்சைமை ஊற்றுங்கள். ஒரு கிராம் இலைக்கு 10 மில்லிலிட்டர் போதும். 25 டிகிரி, இருட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 14 முதல் 16 மணி நேரம். மாலையில் போட்டுவிட்டுக் காலையில் வந்து பார்க்கலாம். ஒரே பகலில் முடிக்க வேண்டுமென்றால் செல்லுலேஸை 1.5 சதவீதமாகவும் மாசெரோசைமை 0.4 சதவீதமாகவும் ஏற்றினால் 3 முதல் 4 மணி நேரத்தில் கிடைக்கும். ஜீனை உள்ளே செலுத்தி இரண்டு நாளில் முடிவு பார்க்கிற சோதனைகளுக்கு அது போதும். வளர்த்துச் செடியாக்க நினைத்தால், குறைந்த என்சைமில் இரவு முழுக்க வைத்த செல்கள் நிதானமாகப் பிரிவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது என்சைம் சதவீதக் கேள்விக்கு வருவோம். மேலே கொடுத்தது தொடக்கம்தான், உங்கள் இலைக்கு எவ்வளவு என்பதை மைக்ரோஸ்கோப் சொல்லும். இரண்டு என்சைமுக்கும் வேலை வேறு. மாசெரோசைம் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டினைக் கரைத்துத் தனித்தனியாகப் பிரிக்கிறது, செல்லுலேஸ் ஒவ்வொரு செல்லின் சுவரையும் கரைக்கிறது. ஆகவே ஒரு துளி எடுத்துப் பாருங்கள். செல்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் பெக்டின் கரையவில்லை, மாசெரோசைம் போதவில்லை. தனித்தனியாக வந்துவிட்டன, ஆனால் நீள்சதுரமாக, மூலை தெரிகிற மாதிரி இருக்கின்றன என்றால் சுவர் இன்னும் இருக்கிறது, செல்லுலேஸோ நேரமோ வேண்டும். உருண்டைகளும் இருக்கின்றன, சுற்றிலும் தனிப் பசுங்கணிகங்களும் ஏராளமாக மிதக்கின்றன என்றால் நேரம் அதிகமாகிவிட்டது, இல்லையென்றால் இலை சரியில்லை.

கழுவுவது

கடைசிக் கால் மணி நேரம் தட்டை மிக மெதுவாகச் சுழற்றுங்கள், இலையிலிருந்து பச்சை இறங்குவது கண்ணுக்கே தெரியும். அதே அளவு டபிள்யூ5 சேர்த்து, 70 மைக்ரோமீட்டர் நைலான் வலையில் வடிகட்டுங்கள். வலையை முதலில் டபிள்யூ5ல் நனைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை நான் வலையைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசிவிட்டு, ஈரம் காயாமல் அப்படியே உபயோகித்துவிட்டேன். இலை நன்றாக இருந்தது, ஊறலும் நன்றாக இருந்தது, குழாயின் அடியில் மட்டும் எதுவுமே சேரவில்லை. அன்றிலிருந்து புரோட்டோபிளாஸ்ட் தொடும் எந்தப் பொருளும் டபிள்யூ5 கண்டுதான் வேலைக்கு வரும்.

பிப்பெட் நுனியைக் கத்தரியால் வெட்டி வாயைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். உறிஞ்சுவதும் விடுவதும் குழாயின் சுவரோரமாக, மெதுவாக. குழாயை அதிர வைத்துக் கலக்கும் வோர்டெக்ஸ் பக்கமே போக வேண்டாம். சென்ட்ரிஃபியூஜில் புவியீர்ப்பைப் போல 100 மடங்கு, 5 நிமிடம், வேகம் ஏறுவதும் இறங்குவதும் மிக மெதுவாக, பிரேக் போடாமல். தொங்கும் வாளி வகை ரோட்டர் இருந்தால் நல்லது. சாய்ந்த ரோட்டரில் செல்கள் குழாயின் பக்கச் சுவரில் உராய்ந்துகொண்டே இறங்கும்.

மேலே உள்ள திரவத்தை எடுத்துவிட்டு, படிவை 0.6 மோலார் சுக்ரோஸில் கலக்கி, அதன் மேல் 1 மில்லிலிட்டர் டபிள்யூ5ஐக் கலங்காமல் அடுக்காக விட்டு, மறுபடி 100 மடங்கில் 10 நிமிடம் சுழற்றுங்கள். உயிருள்ள, முழுமையான புரோட்டோபிளாஸ்ட்கள் சுக்ரோஸைவிட அடர்த்தி குறைந்தவை, அவை மேலே மிதந்து வந்து இரண்டு அடுக்குக்கும் நடுவே பச்சை வளையமாக நிற்கும். உடைந்ததும் குப்பையும் அடியில் போய்விடும். அந்த வளையம் முதல் முறை தெளிவாக நின்றபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்கவில்லை. அதை மட்டும் எடுத்து, டபிள்யூ5ல் ஒரு முறை கழுவி, ஐஸில் அரை மணி நேரம் ஓய்வெடுக்க விடுங்கள். நல்ல இலையாக இருந்தால் ஒரு கிராமுக்குப் பத்து லட்சத்துக்குக் குறையாமல் கிடைக்கும்.

எண்ணுவது, உயிர் பார்ப்பது

செல் எண்ணுவதற்குக் கட்டம் போட்ட கண்ணாடியான ஹீமோசைட்டோமீட்டரில் மூலையில் இருக்கும் நான்கு 1 மில்லிமீட்டர் சதுரங்களை எண்ணிச் சராசரி எடுத்து 10,000ஆல் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை என்று வரும். சராசரி 24 என்றால் 2,40,000. கையில் 4 மில்லிலிட்டர் இருந்தால் மொத்தம் 9,60,000.

உயிரோடு இருப்பவை எத்தனை என்று பார்க்க எஃப்.டி.ஏ. சாயம். அசிட்டோனில் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் கரைத்து வைத்துக்கொண்டு, 100 மைக்ரோலிட்டர் செல்லில் 2 மைக்ரோலிட்டர் சேர்த்து, 5 நிமிடம் கழித்து நீல ஒளியில் பார்த்தால் உயிருள்ளவை பச்சையாக மின்னும், செத்தவற்றில் பச்சையத்தின் சிவப்பு மட்டும் தெரியும். ஃப்ளூரசென்ஸ் மைக்ரோஸ்கோப் இல்லையென்றால் ஈவான்ஸ் புளூ போடுங்கள், அது செத்த செல்லுக்குள்தான் ஏறும். 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நான் வளர்ப்புக்கு எடுத்துப் போவதில்லை. செத்த செல்களிலிருந்து கசிவது பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களையும் கெடுக்கும். கால்கோஃப்ளூர் வைட் என்ற சாயம் செல்லுலோஸில் ஒட்டும், அதனால் சுவர் முழுதாகப் போய்விட்டதா என்று இன்றைக்குப் பார்க்கவும் பயன்படும், இரண்டு நாள் கழித்துப் புதுச் சுவர் வந்ததா என்று பார்க்கவும் பயன்படும்.

வளர்ப்பது

வெறும் திரவத்தில் விட்டால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும், ஊடகம் மாற்றுவதும் சிரமம். நான் கடற்பாசியிலிருந்து வரும், உறையக்கூடிய ஆல்ஜினேட்டில்தான் பதிக்கிறேன். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆல்ஜினேட் கால்சியம் பட்டால் உறையும், டபிள்யூ5லோ கால்சியம் நிறைய. நேரடியாகக் கலந்தால் குழாய்க்குள்ளேயே கட்டி கட்டியாகிவிடும். அதனால் முதலில் செல்களை 0.5 மோலார் மேனிட்டாலும் 15 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடும் கலந்த, கால்சியம் இல்லாத கரைசலுக்கு மாற்றுங்கள். அதில் மில்லிலிட்டருக்கு 1,00,000 இருக்கும்படி அளவு செய்து, மேனிட்டாலில் கரைத்த 2.8 சதவீத சோடியம் ஆல்ஜினேட்டை அதே அளவு சேர்த்து மெதுவாகக் கலந்தால், மில்லிலிட்டருக்கு 50,000 செல் வரும். இதைச் சின்னச் சின்ன வட்டங்களாக, 20 மில்லிமோலார் கால்சியம் குளோரைடும் மேனிட்டாலும் சேர்த்த அகார் தட்டின் மேல் விடுங்கள். ஒரு மணி நேரத்தில் மெல்லிய வில்லைகளாக உறைந்துவிடும். ஸ்பேச்சுலாவால் எடுத்துத் திரவ ஊடகத்தில் மிதக்க விடலாம்.

அந்த 50,000 என்ற எண்ணை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 10,000க்குக் கீழே போனால் பெரும்பாலும் எதுவும் பிரியாது, ஏனென்றால் செல்கள் வெளியே விடும் சில பொருள்கள்தான் பக்கத்துச் செல்லைப் பிரியத் தூண்டுகின்றன, தனியாக விடப்பட்ட செல்லுக்கு அது கிடைக்காது. மிக அதிகமாகப் போட்டால் உணவு தீர்ந்து, கழிவு சேர்ந்து, பழுப்பாகிவிடும்.

ஊடகம் எம்.எஸ். உப்புகள்தான், ஆனால் அம்மோனியம் நைட்ரேட்டைப் பாதியாகக் குறைத்து. சுவர் இல்லாத செல்லுக்கு அம்மோனியம் ஒத்துக்கொள்ளாது. உருளைக்கிழங்கு போன்றவற்றுக்கு முழுதாகவே எடுத்துவிட வேண்டியிருக்கும். லிட்டருக்கு குளுக்கோஸ் 72 கிராம், சுக்ரோஸ் 10 கிராம், வளர்ச்சி ஹார்மோன்களில் ஆக்சினுக்கு என்.ஏ.ஏ. 2 மில்லிகிராம், சைட்டோகைனினுக்கு பி.ஏ.பி. 1 மில்லிகிராம். குளுக்கோஸ் 0.4 மோலார்தானே, மேனிட்டால் 0.5 இருந்ததே என்று தோன்றலாம். சுக்ரோஸும் உப்புகளும் சேர்ந்து மிச்சத்தை நிரப்பிவிடும். வெளியே இருக்கும் அழுத்தம் திடீரென்று மாறக் கூடாது, அவ்வளவுதான்.

25 டிகிரி, முதல் ஒரு வாரம் முழு இருட்டு, தட்டைச் சுற்றிப் பாராஃபிலிம். ஓரிரு நாளில் புதுச் சுவர் வர ஆரம்பிக்கும், உருண்டை கொஞ்சம் நீள்வட்டமாகும். அது நல்ல அறிகுறி. 3 முதல் 5 நாளில் முதல் பிரிவு, நடுவே ஒரு கோடு தெரியும். இந்த நாட்களில் தினமும் எடுத்துப் பார்க்கத் தோன்றும், புரிகிறது, ஆனால் பார்ப்பதற்கென்று ஒரு தட்டைத் தனியாக வைத்துக்கொண்டு மற்றதைத் தொடாமல் விடுங்கள். மைக்ரோஸ்கோப் வெளிச்சமும் அசைவும் அவற்றுக்குக் கெடுதல்.

10 நாள் ஆனதும் மங்கலான வெளிச்சத்துக்கு மாற்றி, அழுத்தத்தைக் குறைக்க ஆரம்பிக்க வேண்டும். வாரம் ஒரு முறை ஊடகத்தை எடுத்துவிட்டு, குளுக்கோஸ் 0.3, அப்புறம் 0.2, அப்புறம் 0.1 மோலார் என்று மாற்றுங்கள். பலருக்கு வேலை நின்றுபோவது இங்கேதான். முதலில் நன்றாகப் பிரிந்த செல்கள் 8, 16 என்று வந்து அப்படியே நின்றுவிட்டன என்றால், சுவர் வந்து பத்து நாளான செல்லை இன்னும் அதே சர்க்கரைப் பாகில் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். சுவர் வந்துவிட்டால் அந்த அழுத்தம் பாதுகாப்பாக இல்லாமல் தடையாகிவிடுகிறது. ஆனால் ஒரேயடியாகக் குறைத்தால் இன்னும் சுவர் முடியாத செல்கள் வெடிக்கும், அதனால்தான் படிப்படியாக.

4 முதல் 5 வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் சின்ன உருண்டைகள் வரும். 1 மில்லிமீட்டர் ஆனதும் வில்லையிலிருந்து எடுத்து, 3 சதவீத சுக்ரோஸ், பி.ஏ.பி. 1 மில்லிகிராம், என்.ஏ.ஏ. 0.1 மில்லிகிராம் உள்ள திட ஊடகத்தில் நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். கேலஸ் என்ற இந்தச் செல் திரள் பச்சையாகி, சில வாரங்களில் தளிர் விடும். தளிர் 2 சென்டிமீட்டர் வளர்ந்ததும் ஹார்மோன் இல்லாத அரை எம்.எஸ். ஊடகத்துக்கு மாற்றினால் புகையிலை தானாகவே வேர் விடும்.

இவ்வளவும் எதற்கு என்றால், இங்கே ஒவ்வொரு செடியும் ஒரே ஒரு செல்லிலிருந்து வருகிறது. இரண்டு இனங்களின் புரோட்டோபிளாஸ்டை ஒன்றாக இணைக்கவும் முடியும்: 1972லேயே இரண்டு புகையிலை இனங்களின் முதல் கலப்பினம் சோடியம் நைட்ரேட்டில் இணைத்து வந்தது, இணைப்பதற்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் 1974ல்தான் வந்தது. இப்போது அதே பாலிஎத்திலீன் கிளைக்காலை வைத்து, ஜீனைத் திருத்தும் கிரிஸ்பர் புரதத்தையும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வையும் நேராக உள்ளே செலுத்துகிறார்கள், வெளி டி.என்.ஏ. எதுவும் இல்லாமல். 2015ல் லெட்டூஸில் இப்படித் திருத்திய செல்லிலிருந்து முழுச் செடி வந்தது.

மண்ணுக்கு மாற்றும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கேலஸ் வழியாக வந்த செடிகளில் சில குரோமோசோம் இரட்டித்து வரும், இலை தடித்து, கரும்பச்சையாக, கொஞ்சம் அகலமாக இருக்கும். எல்லாமே அப்படி வெளியே தெரியாது. ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஒவ்வொரு செடியின் இலையிலும் டி.என்.ஏ. அளவைத் தாய்ச் செடியோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப் போனவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள். தாய்ச் செடியையும் பாட்டிலில் தொடர்ந்து வளர்த்துக்கொண்டே இருங்கள், அடுத்த முறை இலை அதிலிருந்துதான் வர வேண்டும்.